இரண்டு தடவை எடுத்த ரத்தம்

ஊல்கானுக்கு மறதி என்று ஊரில் முதலில் சொன்னது யார் தெரியுமா? ஊல்கானேதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கேட்பவர் டாக்டர் ஆயிற்றே, உண்மையைச் சொல்வோம் என்று நினைத்தாள். அந்த உண்மைதான் கடைசியில் அவள் தலையில் விடிந்தது.

வாதுமைப் பழ மரங்கள் பூக்கிற சமயம் அது. ஏரிக்கரை ஊர்களில் அறுபது தாண்டியவர்களைச் சோதிக்க வேண்டும் என்று தலைநகரிலிருந்து ஒரு வேன் வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு குழாய் ரத்தம், அப்புறம் கொஞ்சம் கேள்வி, போகும்போது ஒரு பொட்டலம் தேயிலை. மீரிம் என்ற சின்ன வயது டாக்டர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னாள்.

"ஞாபகம் தப்புறதுக்கு ரொம்ப நாளைக்கு முன்னாடியே ரத்தத்துல அதோட அடையாளம் தெரிய ஆரம்பிச்சிரும்மா. உங்களுக்கே மறதி இருக்கற மாதிரி தோணுதான்னும் கேக்குறோம். நீங்க சொல்றதும் ரத்தம் சொல்றதும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும்."

"தோணுது" என்றாள் ஊல்கான். கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, அது கருகிப் போனதைச் சொன்னாள். சாமான் அறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றதைச் சொன்னாள். அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. அவளைப் பெற்றவள் கடைசிக் காலத்தில் முக்காட்டின் ஓரத்தை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள், விடிய விடிய அதே வேலை. பெற்ற மகளைப் பார்த்து, "டாக்டரம்மா, என் பொண்ணு எப்ப வருவா?" என்று கேட்பாள். அந்தக் கதி தனக்கும் வருமோ என்றுதான் ஊல்கான் ரத்தம் கொடுக்கப் போனாள். தேயிலைக்குப் போகவில்லை.

அடுத்தது பெயர்கள். மாமனார் பெயர் என்ன, கணவருடைய அண்ணன் பெயர் என்ன என்று மீரிம் கேட்டாள்.

ஊல்கான் வாயைத் திறக்கவில்லை.

"ஞாபகம் வரலையாம்மா?"

"இவரோட அப்பா. அப்புறம் இவரோட பெரியவர்" என்றாள் ஊல்கான்.

"பேரு?"

"அதான் சொன்னேனே."

பிறகு டாக்டர் ஐந்து சொல் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அதில் ஒன்று ஆடு. ஊல்கான் நான்கைச் சரியாகச் சொல்லிவிட்டு, ஐந்தாவதாக, "கத்துறது" என்றாள். டாக்டர் அதைத் தப்பு என்று குறித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் தலைநகரில் பிறந்து, ரஷ்ய மொழியில் படித்து, பெற்றோரோடு மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் குல்சாரா யார்? ஊல்கானுடைய மூத்தாரின், அதாவது கணவருடைய அண்ணனின், சொந்த மருமகள். அதே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், அதே பெயர்களை அதேபோல் விழுங்கிக்கொண்டு இருப்பவள். 'டாக்டர், எங்க வீட்டு மருமக புகுந்த வீட்டுப் பெரியவங்க பேரைச் சொல்ல மாட்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா? தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். எழுதியதோடு நின்றாளா, அன்று சாயங்காலமே வீட்டில் போய் ஒப்பித்தும்விட்டாள்.

ஊல்கான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. மாமனார் பெயர் கோய்ச்சுபெக். கோய் என்றால் ஆடு. பெரியவர் பெயரில் ஆடு இருப்பதால், அன்றிலிருந்து ஊல்கானுக்கு ஆடு என்ற சொல்லே கிடையாது. வந்த வாரத்தில், பட்டியிலிருந்து ஆடு ஓடுவதைப் பார்த்து வாய் தவறி ஆடு என்று கத்திவிட்டாள். மாமியார் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து உதட்டிலேயே ஒன்று வைத்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அன்றிலிருந்து ஆடு 'கத்துறது' ஆயிற்று. மூத்தார் பெயர் தெமிர்காசி. தெமிர் என்றால் இரும்பு. எனவே இரும்பு 'கறுப்பு' ஆயிற்று. இரும்புச் சட்டி கறுப்புச் சட்டி, இரும்புக் கட்டில் கறுப்புக் கட்டில். மாமியார் செத்தாள், மாமனார் செத்தார், கட்டிய கணவன் ஜுமாலியும் செத்தான். பழக்கம் மட்டும் சாகவில்லை.

தெமிர்காசி ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று ஊல்கான் வீட்டில்தான் டீ குடித்தார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டு, வீடே அதிரப் பேசினார்.

"எனக்கு மறதி இருக்கான்னு கேக்குறா அந்தச் சின்னப் பொண்ணு. நான் பொறந்த அன்னிக்கு எந்தப் பக்கம் காத்து வீசிச்சுன்னு கேளு, சொல்றேன்னேன். அவ வாயடைச்சுப் போயிட்டா. நீ என்னமோ கெட்டில கருக்குனேன், கதவ மறந்தேன்னு அழுதியாமே. ஊர் சிரிக்குது புள்ள."

ஒரு மாதம் கழித்து அவரை மட்டும் மறுபடி கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். அதற்கும் பீற்றிக்கொண்டார்.

"நம்ம ரத்தம் அவ்வளவு நல்லா இருந்துச்சாம். இன்னும் கொஞ்சம் வேணுமாம். அதுக்கப்புறம் தலைநகரத்துக்கு வேற வரணுமாம், மிஷினுக்குள்ள படுக்கணுமாம். போங்கடா வேலையத்தவங்களான்னு விரட்டி விட்டுட்டேன்."

அவரை மட்டும் ஏன் இரண்டு தடவை கூப்பிட்டார்கள் என்று ஊல்கானும் யோசிக்கவில்லை. பெரிய மனிதர், அதனால் கூப்பிட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

கோடையில் வந்தது வினை. தெமிர்காசி ஒருநாள் குதிரையில் வந்து இறங்கினார், வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"பேரனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். பனி விழறதுக்குள்ள இந்த வீட்ட ஒழிச்சுக் குடுத்துரு. உனக்கு எங்க வீட்டுல ஒரு ரூம்பு இருக்கு. உன் பொண்ணு அவ வழியப் பாத்துக்கட்டும்."

 ஊல்கானுக்கும் ஜுமாலிக்கும் பிள்ளை இல்லை. ஊல்கானின் தங்கை தன் கைக்குழந்தையைத் தூக்கிக் கொடுத்தாள். அந்தக் குழந்தைதான் அசில். இப்போது அவள் ரொட்டிக்கடையில் அடுப்பு முன்னால் நின்று வேகிறாள். புருஷன் ரஷ்யாவுக்குப் போனவன் போனவன்தான். கையில் சின்ன மகளோடு அம்மா வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தாள். இந்த வீடு போனால் அவளுக்குத் தெருதான். வீடோ இன்னும் செத்துப்போன மாமனார் பெயரிலேயே இருக்கிறது. மூத்த மகன் தெமிர்காசி ஒரு கையெழுத்துப் போட்டால்தான் அது அசிலுக்கு.

அந்தக் கையெழுத்தைப் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்பு, சாகக் கிடந்த ஜுமாலி அண்ணனைக் கூப்பிட்டு, வீடு என் மகளுக்கு என்றான். தெமிர்காசி தட்டிலிருந்த ரொட்டியைப் பிட்டு, தம்பி வாயில் கொஞ்சம் வைத்து, தன் வாயிலும் போட்டுக்கொண்டார். ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த வாக்கை எங்கள் பக்கத்தில் எந்தப் பயலும் மீறமாட்டான். அறையில் அப்போது இருந்தது அவர்கள் மூன்று பேர்தான். இன்று ஒருவன் மண்ணுக்குள். மற்ற இருவரில் ஒருவர் இல்லை என்கிறார்.

"ரொட்டி பிட்டீங்களே பெரியவரே" என்றாள் ஊல்கான்.

"எப்ப?"

"இவரு சாகறதுக்கு மொத நாளு. இதே வீட்டுல."

தெமிர்காசி சிரித்தார். "அன்னிக்கு நான் பேசவேயில்ல. அழுதுட்டுப் போனேன். உனக்குத்தான் மறதியாச்சே, நீயே டாக்டர்கிட்ட சொன்னியே. சொந்த மாமனார் பேரே உனக்கு மறந்துபோச்சாமே. செத்தவன் பேரச் சொல்லிப் பொய் சொல்லாத. அந்தப் பொண்ணு நம்ம எலும்பும் இல்ல, வேற வம்சம்."

அந்த ஒரு வார்த்தையில் ஊல்கானுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கெட்டில் கருகியது உண்மை, அதைச் சொன்னாள். அதையே பிடித்துக்கொண்டு, புருஷனின் கடைசி வார்த்தையையும் கருக்கப் பார்க்கிறான் இந்தத் திருடன். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாவு பிசையும்போது திட்டினாள், பால் கறக்கும்போது திட்டினாள். அப்போதும் பெயரைச் சொல்லித் திட்ட முடியவில்லை. "அந்தப் பெரியவன் நாசமாப் போக" என்றுதான் திட்டினாள். அசில்தான் பொறுக்க முடியாமல், "அம்மா, திட்டறதுக்காவது பேரச் சொல்லும்மா" என்றாள்.

இலையுதிர் காலத்தில் மீரிம் மறுபடி வந்தாள். "உங்க ரத்தம் நல்லாருக்கும்மா. வயசுக்குத் தகுந்த மறதிதான், பயப்பட வேணாம். ஆனா அந்தப் பேருங்கதான் ஏன்னு புரியல" என்றாள். ஊல்கான் காரணத்தைச் சொன்னதும் அந்தப் பெண் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். தப்பாகக் குறித்ததைத் தானே திருத்தினாள். அவளிடம் ஊல்கானுக்குக் கோபம் வரவில்லை. கோபம் முழுவதும் குல்சாரா மேல். அவள் ஊசி டப்பாவை எடுத்து வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வழக்கு, ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்கிற வெள்ளைத்தாடி மன்றத்துக்குப் போயிற்று. ஊர்ப் பள்ளிக்கூடத்து அறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க ஐந்து கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மைராம்பெக் பழைய டிராக்டர் டிரைவர், காது கொஞ்சம் மந்தம். மேசையில் டீயும் ரொட்டியும் இருந்தன. ஒரு பக்கம் தெமிர்காசி, அவர் மகன், குல்சாரா. மறு பக்கம் ஊல்கானும் அசிலும்.

ஊல்கான் நடந்ததைச் சொன்னாள். எப்படிச் சொல்ல முடியும்? "இவரு அவரோட பெரியவரக் கூப்பிட்டாரு. அவரோட அப்பா கட்டின வீடு எம்பொண்ணுக்குன்னாரு."

"யாரு யாரக் கூப்பிட்டாரு? யாரோட அப்பா?" என்று மைராம்பெக் காதில் கையை வைத்தார்.

"பாருங்க" என்றார் தெமிர்காசி. "ஒரு பேரு வருதா பாருங்க வாயில. சோதிச்ச டாக்டர்கிட்டயும் வரல. எனக்கு இவமேல கோபமில்ல. பாவம், இவ அம்மாவும் இப்படித்தான் போனா. வீட்டுல ஒரு மூலையில வச்சுப் பாத்துக்குறோம்."

பாவம் என்றாரே, அதைத்தான் ஊல்கானால் தாங்க முடியவில்லை. திருடி என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். எழுந்து நின்றாள்.

"ஒரு பேரச் சொல்லாம இருக்கணும்னா அந்தப் பேரு எந்நேரமும் ஞாபகத்துல இருக்கணும். ஒவ்வொரு தடவ வாயத் திறக்கும்போதும் இது அவரு பேருல இருக்கா, இவரு பேருல இருக்கான்னு பாத்துப் பாத்துப் பேசணும். உங்க யாருக்காவது தெரியுமா அந்த வேல? அடிச்சு வாய மூடினது உங்க வீடு. மூடின வாயக் காட்டி இவளுக்கு மறதின்னு சொல்றதும் உங்க வீடு. சொல்றேன், கேட்டுக்கங்க. எம்புருஷன் ஜுமாலி. அவரு சொன்னது இது. 'தெமிர்காசி அண்ணா, அப்பா கோய்ச்சுபெக் கட்டின இந்த வீடு என் மக அசிலுக்கு. நீ கையெழுத்துப் போட்டுக் குடு.' இதே தெமிர்காசிதான் ரொட்டியப் பிட்டாரு. கோய்ச்சுபெக்கோட அப்பா மோல்தோகாசி. அவரு அப்பா செய்தாலி. அவரு அப்பா பாய்சால். அதுக்கு மேல தோக்தோசுன், எர்கெபாய், காரபோதோ. ஏழு தலமுற. போதுமா?"

 மூத்தார் முகத்துக்கு நேரே மூத்தார் பெயரை ஒரு மருமகள் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. சொன்ன பிறகு ஊல்கானுக்கு உதடு வலித்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும், கரண்டி பட்ட அதே இடத்தில் வலித்தது.

தெமிர்காசிக்கு முகம் சிவந்துவிட்டது. "நேத்து ராத்திரி மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கா. மருமக சொல்லி எங்க அப்பன் பாட்டன நாங்க தெரிஞ்சுக்கணுமா?"

"அப்ப நீயே ஒருதரம் சொல்லிரு தெமிர்காசி" என்றார் மைராம்பெக். எந்த உள்நோக்கமும் இல்லை, மருமகள் வாயால் கேட்ட பெயர்களை வீட்டு ஆண்பிள்ளை வாயால் கேட்டால் அவையின் மானம் காப்பாற்றப்படும் என்றுதான் சொன்னார்.

தெமிர்காசி நெஞ்சை நிமிர்த்தினார். "கோய்ச்சுபெக். அவரு அப்பா மோல்தோகாசி. அவரு அப்பா..." நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "கோய்ச்சுபெக். மோல்தோகாசி." மறுபடி நிறுத்தினார். "எங்கப்பா கோய்ச்சுபெக்" என்று புதிதாகத் தொடங்குகிறவர் போலத் தொடங்கினார்.

நடிக்கிறான் என்று ஊல்கான் பல்லைக் கடித்தாள். இப்போதுதானே அவள் அத்தனையும் சொன்னாள். கேட்டதைத் திருப்பிச் சொல்ல என்ன கஷ்டம்? அப்போதுதான் அவள் கண் அவருடைய கைக்குப் போனது. தொடைமேல் இருந்த வெள்ளைத் தொப்பியின் ஓரத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். கண்கள் பெஞ்சு பெஞ்சாகப் போய் யாரிடமாவது உதவி கிடைக்குமா என்று தேடின. ஐந்து வயதிலேயே ஒப்பிக்கிற பெயர்கள் அவை. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை தன் பெயரை மறந்தாலும் இந்த ஏழு பெயரை மறக்கமாட்டான்.

"செய்தாலி" என்றாள் ஊல்கான்.

"செய்தாலி" என்றார் தெமிர்காசி, நன்றியோடு.

"பாய்சால்."

"பாய்சால்."

கடைசிவரை அவள் எடுத்துக் கொடுத்தாள், அவர் பின்னாலேயே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, எல்லாம் தானே சொன்னதுபோல் அவையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். குல்சாரா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் ஊல்கான்.

"ரெண்டாவது தடவ எடுத்ததுலயும் அதே மாதிரிதான் வந்துச்சு சின்னத்தை. ரத்தத்துல அந்த அடையாளம் நிறைய இருக்காம். டாக்டர் அவருகிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க. எனக்கு ஒண்ணுமில்லன்னு சத்தம் போட்டுட்டாரு."

"ரத்தம் சொன்னத நீ வாயத் திறந்து சொல்றதுக்கென்ன? அவரு நெசமாவே மறந்துட்டாருன்னு தெரிஞ்சும் என்னையப் பைத்தியமாக்க விட்டியா?"

"மாமனாருக்கு மூளை போகுதுன்னு மருமக எப்படிச் சின்னத்தை சொல்லுவா?"

ஊல்கானுக்கு அவள் கன்னத்தில் ஒன்று கொடுக்கலாமா என்று இருந்தது. அப்புறம் அதே வீட்டில் மூடிப் பழகிய அவள் உதட்டைப் பார்த்தாள். விட்டுவிட்டாள்.

வெள்ளைத்தாடிகள் ரொம்ப நேரம் பேசவில்லை. வீடு அசிலுக்கு, கையெழுத்தை அவர் மகன் கூடவே நின்று போட வைக்க வேண்டும் என்றார்கள். அசில் அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்று ஊல்கானுக்கும் தெரிந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த கோபம் அப்படியே கட்டியாக உட்கார்ந்திருந்தது, வைக்க இடமில்லாமல். கோடையெல்லாம் ஒரு திருடனைத் திட்டியிருக்கிறாள். மண்ணாய்ப் போ என்றிருக்கிறாள். திருடனே இல்லை என்றால் அத்தனையும் யார் தலையில் போய் விழுந்தது? நோய் என்று தெரிந்திருந்தால் திட்டியிருக்க மாட்டாளே. அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

முடிவு சொன்னால் ரொட்டி பிடுவது வழக்கம். மைராம்பெக் ரொட்டியைப் பிட்டுத் தட்டை நகர்த்தினார். தட்டு தெமிர்காசியிடம் வந்தது. அவர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். மெல்வது நின்றது. கையில் இருந்த மிச்சத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊல்கான் பக்கம் திரும்பினார். சத்தமே இல்லாத குரலில், வீட்டு ஆளிடம் பேசுவதுபோல் கேட்டார்.

"ஏ புள்ள, ஜுமாலிக்கு நான் ரொட்டி பிட்டுக் குடுத்தேனே. வீடு அசிலுக்குன்னு. இவங்க எல்லாம் என்னமோ பேசிட்டு இருக்காங்க, நீ ஏன் அத இவங்ககிட்ட சொல்லல?"

ஊல்கான் அவரைப் பார்த்தாள். வாய்வரை வந்ததை எல்லாம் விழுங்கினாள்.

"சொன்னேன் பெரியவரே" என்றாள். "மூணு மாசமா சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

"அப்பச் சரி" என்றார் தெமிர்காசி. மிச்ச ரொட்டியையும் வாயில் போட்டுக்கொண்டார்.